எந்தத் தெரு?

(ஜமுனாமரத்தூரில் நடந்த மாணவர் முகாமின் இரண்டாம் நாள் பேசியது. செல்போனில் பதிவானதைத் தோழர்கள் எழுதி எடுத்துத் தந்தார்கள். சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன். பேச்சு வழக்கை முழுக்க மாற்ற மனம் வரவில்லை.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'இணையமும் கண்காணிப்பும்'. பெரிய தலைப்பு. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.ஏ. வரலாறு. வங்கியில் கிளார்க். மிச்சமிருக்கிற நேரத்தில் கவிதை எழுதுகிறவன். அதனால தலைப்பில் ஒரே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கிறேன். ஐ.பி. முகவரி. நேத்து ராத்திரி சாப்பிடும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நான் போன்ல எதையாவது எழுதிப் போட்டா, என் ஐ.பி.யை வச்சு நான் யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்களாமே?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் நமக்குத் தெரிந்த முகவரியிலிருந்து தொடங்கலாம்.

சமவெளியில் புதுசா ஒருத்தரிடம் அறிமுகமாகும்போது மூன்று கேள்வி வரும். "தம்பிக்கு எந்த ஊரு?" ஊர் பேரைச் சொல்வோம். "அங்க எந்தப் பக்கம்?" பஸ் ஸ்டாண்டு பக்கம், ஏரிக்கரைப் பக்கம்னு இழுப்போம். விடமாட்டார்கள். "எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரில் இருக்கிறவர் முகத்தில் ஒரு மாற்றம் நடக்கும் பாருங்க, அதை நான் எத்தனையோ கவிதையில் எழுதிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். தண்ணீர் டம்ளர் நீட்டின கை பாதியில் நிற்கும். 'காலனி' என்று ஒரு சொல் போதும். அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப் போவதாக 2025 ஏப்ரல் 29-ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. ஆனா மூன்றாவது கேள்வியை எந்த அரசாணையால் நீக்குவது?

மலையில் இருக்கிற உங்களுக்கு முகவரி இன்னொரு விதமா வேலை செய்யும். பட்டியலைப் பாருங்க. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டம் போட்டு எழுதியிருக்கிறது. இந்த ஜவ்வாது மலை பழைய வட ஆற்காடு. அதனால் நீங்கள் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளிக்கு அதே பேர், அதே மாதிரி வாழ்க்கை. ஆனால் அவர் ஊர் அந்தப் பட்டியலில் வராத மாவட்டம். சான்றிதழ் கேட்டுப் பல ஆண்டுகளாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முகவரி மாறினால் சாதியே மாறிவிடுகிறது. இந்த நாட்டில் முகவரி என்பது வெறும் தபால் சங்கதி இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இப்போ ஐ.பி.க்கு வருவோம்.

நீங்க போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் எங்கோ இருக்கிற ஒரு கணினியிலிருந்து உங்களுக்கு வந்து சேர வேண்டும். பதில் கடிதம் போட அனுப்புனர் முகவரி வேண்டுமில்லையா? அதுதான் ஐ.பி. முகவரி. பழைய முறையில் நான்கு எண்கள், இடையிடையே புள்ளி. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255-க்குள். மொத்தம் போட்டுப் பார்த்தால் சுமார் 430 கோடி முகவரிதான் வரும். உலகத்துக்குப் பத்தாது. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரு முகவரியை நூற்றுக்கணக்கான பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஒரே கதவு எண், உள்ளே ஒரு தெருவே குடியிருக்கிற மாதிரி. இப்போது நீளமான புது வகை முகவரி வந்திருக்கிறது. அதில் ஆளுக்கொன்று என்ன, வீட்டிலுள்ள பல்புக்கும் மிக்சிக்கும்கூடத் தனித்தனியாகக் கொடுக்கலாம். நம் நாட்டுப் பெரிய கம்பெனிகள் அதையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. ஆகவே கூட்டத்தில் ஒளிந்திருக்கிற வசதி எப்போதும் இருக்கும்னு நம்பாதீங்க.

முகவரியைப் பார்க்கிற வெளியாளுக்கு என்ன தெரியும்? ஆசியாவுக்கும் பசிபிக் பகுதிக்கும் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கிற அலுவலகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. எந்தக் கட்டு எண்கள் எந்தக் கம்பெனிக்கு என்பது பொதுப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, உங்க கம்பெனி எது என்பது தெரியும். ஒரு கல்லூரி, ஓர் அரசு அலுவலகம் சொந்தமா முகவரி வைத்திருந்தால் அதுவும் தெரியும். நாடு தெரியும். ஊர்? அது உத்தேசம். இந்த மலையிலிருந்து செல்போனில் போகிற செய்தி, கம்பெனியின் பெரிய நிலையம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இணையத்துக்குள் இறங்கும். பெரும்பாலும் சென்னை என்று காட்டும். நீங்க பீமன் அருவிப் பாறையில் உட்கார்ந்திருப்பீங்க, அவன் கணக்கில் நீங்க சென்னைவாசி. காவலூரில் 93 அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986-லிருந்து வானத்தை அளந்துகொண்டிருக்கிறது. அதுக்குப் பக்கத்துக் குக்கிராமத்தில் ஒரு பாட்டி கைரேகை வைக்க, சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

உத்தேசத்தை உண்மைன்னு நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கு. மேக்ஸ்மைண்ட் என்று ஒரு கம்பெனி. ஐ.பி.யைக் கொடுத்தால் இடத்தைச் சொல்லும். அமெரிக்கா என்று மட்டும் தெரிந்து, ஊர் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிட்டார்கள். அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. 60 கோடிக்கும் மேலான முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி, காணாமற்போன பிள்ளை, எதுவானாலும் போலீஸ் அந்தப் பண்ணைக்கு வந்து நின்றது. பல வருஷம். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டிய பிறகுதான் காரணமே அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? புள்ளியைத் தூக்கி ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவில் வைத்தது.

ஆக வெளியாள் உங்க ஐ.பி.யை வைத்து வாசலில் வந்து நிற்க முடியாது. 'எந்த ஊரு?' என்ற முதல் கேள்விக்கே அரைகுறைப் பதில்தான் அவனுக்குக் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் வேறு ஓரிடத்தில் இருக்கிறது. அது கம்பெனியின் லெட்ஜரில் இருக்கிறது.

லெட்ஜர் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சோறு போடுவது அதுதானே. இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த முகவரி இந்தச் சந்தாதாரர் கையில் இருந்தது என்பது ஒரு வரி. சந்தாதாரர் யார் என்பது சிம் வாங்கும்போது கொடுத்த ஆதாரில் இன்னொரு வரி. இரண்டு வரியையும் சேர்த்தால் ஆள். இந்த வரிகளைக் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்கணும்னு தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழு வேறு உத்தரவு போட்டது: சர்வர் வைத்திருப்பவர்கள் 180 நாள் குறிப்புகளை வைத்திருக்க வேண்டும், வி.பி.என். சேவை கொடுப்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். பிரவுசிங் சென்டருக்கும் 2011-லேயே விதி போட்டார்கள், அடையாள அட்டையும் பதிவேடும் வேண்டும் என்று.

லெட்ஜர் வைத்திருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் என் வங்கியே ஓடாது. வேலைக்குச் சேரும்போது இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுத்தான் உட்கார்ந்தேன். உங்க கணக்கில் எவ்வளவு இருக்குன்னு உங்க பெரியப்பா வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. என் கேள்வி, லெட்ஜரை யார் திறக்கிறார், திறக்கும்போது அவர் தலைக்குள் ஏற்கெனவே என்ன எழுதி வைத்திருக்கிறார் என்பது.

90-களில் நமது சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவை அறிமுகப்படுத்தி, சிறைச்சாலையின் கண்காணிப்புக் கோபுரம் பற்றி நிறைய எழுதின. அப்போ நான் பால்வாடியில் இருந்தேன். பின்னால் பழைய இதழ்களைத் தேடித்தான் படித்தேன். கோபுரத்தில் இருப்பவன் எல்லா அறையையும் ஒரே கண்ணால் பார்க்கிறான் என்பது போன்ற ஒரு தொனி அவற்றில் எனக்குப் படும். சேரிக்காரன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். கோபுரத்துக்காரன் எந்த அறையை முதலில் பார்ப்பான் என்பது அவனுக்குத் தெரியும்.

2007 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்றேன். சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்றை ஆர்குட்டில் யாரோ போட்டுவிட்டார்கள். புனே போலீஸ் ஐ.பி.யை எடுத்தது. சேவைக் கம்பெனி, அந்த நேரத்தில் அந்த முகவரி யாரிடம் இருந்தது என்று ஒரு பேரைக் கொடுத்தது. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்த ஓர் இளைஞரின் பேர் அது. வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஐம்பது நாள் சிறை. கடைசியில், கம்பெனி கொடுத்த விவரமே தப்பு, ஆள் அவர் இல்லை என்று தெரிந்தது. லெட்ஜரில் ஒரு வரி மாறிப் படித்ததற்கு ஐம்பது நாள். அவர் படித்தவர், சம்பளக்காரர், பத்திரிகைகள் அவருக்காக எழுதின. இந்த மூன்றும் இல்லாத ஆளை நினைத்துப் பாருங்க.

நான் ஒருத்தரை நினைத்துப் பார்க்கிறேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், உறுதிமொழி இருக்கிறது. இந்த மலைத் தம்பி ஒருவர். கீழே ஓர் ஊரில் வேலை பார்க்கும்போது ஒரு ஏஜென்ட், கடன் வாங்கித் தரேன்னு சொல்லிக் கணக்குத் தொடங்க வைத்து, ஏ.டி.எம். கார்டையும் அந்தக் கணக்குக்கான சிம்மையும் வாங்கி வைத்துக்கொண்டார். கடனும் வரலை, ஏஜென்ட்டும் வரலை. தம்பி மலையேறிவிட்டார். சில மாதம் கழித்து வடமாநில சைபர் போலீசிலிருந்து கடிதம். கணக்கை முடக்கு, ஆளின் முகவரியைக் கொடு. எங்கேயோ யாரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அவரோட இன்னொரு கணக்கும் சேர்ந்து முடங்கியது. அதில் கூலிப்பணம் இருந்தது.

அவர் அம்மா பாஸ்புக்கை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். எங்க கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "மலைக்காரனுங்க எல்லாம் இப்படித்தான் சார், மரம் போயி இப்ப இது." அந்தக் குரலுக்கு ஐ.பி. வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பேர் போதுமாயிருந்தது.

போலீஸ் நோட்டீசின் நகல் தம்பிக்கும் வந்திருந்தது. அவர்தான் என்னிடம் காட்டினார். கடைசித் தாளில் ஒரு பட்டியல். கணக்குக்குள் யாரோ நுழைந்த தேதி, நேரம், ஐ.பி. முகவரி. எல்லோரும் பேரையும் தொகையையும் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்திருந்தார்கள். அந்த எண்ணைப் பொதுப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன். வேறொரு மாநிலத்தின் பிராட்பேண்ட் கம்பெனி. செல்போன் இல்லை, கம்பி இணைப்பு. சரி, இதே நாள் தம்பி எங்கே இருந்தார்? அம்மா சொன்னார், "அன்னிக்கி ரேசன் போட்ட நாளு சார், இவன்தான் ரேகை வச்சான்." ரசீதில் காலை 11.20. நோட்டீசிலோ நேரம் 5.45. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கும் பதினொன்று இருபதுக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. அதற்குள் எங்கிருந்தாவது வந்திருக்கலாம் என்று வாதாடலாம். அந்த 5.45-க்குப் பக்கத்தில் சின்னதாக மூன்று எழுத்து: யு.டி.சி. உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டினால் 11.15.

அதாவது எவனோ வேறு மாநிலத்தில் கம்பி இணைப்பில் உட்கார்ந்து அந்தக் கணக்குக்குள் நுழைந்தபோது, நம்ம தம்பி மலையில் ரேஷன் கடை வரிசையில், ரேகை வைக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நின்றுகொண்டிருந்தார். ஒரு வழக்கறிஞர் தோழர் இரண்டு தாளையும் இணைத்து மனு எழுதினார். தம்பியைக் கொண்டு போகவில்லை. பக்கத்துக் காவல் நிலையத்தில் வாக்குமூலத்தோடு நின்றது. ஆனாலும் கணக்கு திறக்க எட்டு மாசம் ஆச்சு. அதற்குள் வீட்டில் இரண்டு ஆடு போனது.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். தம்பி யார் என்பதை ஐ.பி. சொல்லவில்லை. அவர் எங்கே இல்லை என்பதைச் சொன்னது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கம் வரை படிக்க ஆள் இருந்தால் மட்டும்தான் அது வாய் திறந்தது.

'மரம் போயி இப்ப இது' என்று அந்தக் குரல் சொன்னதே, அதை விட்டுவிட முடியாது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் தமிழ்நாட்டுக்காரர்கள் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்கள். இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். இந்த அரங்கத்தில் நான் அதைச் சொல்லத் தேவையில்லை. செம்மரம் வெட்ட வந்தார்கள், தாக்கினார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பேருந்திலிருந்து பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷம், 2016 ஆகஸ்டில், ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் 32 தமிழர்களைப் பிடித்தார்கள். கோயிலுக்குப் போனவர்கள் என்றார்கள் குடும்பத்தார். பஸ்ஸிலும் ரயிலிலும் எந்த எண்ணையும் தேடிப் பிடிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்ன ஊரே சாட்சியாகிவிட்டது. ஐ.பி. முகவரியைப் பார்த்து நாம் பயப்படுவதற்கு அடியில் இருப்பது இந்தப் பழைய பயம்தான் என்று நினைக்கிறேன்.

பீமா கோரேகான் வழக்கையும் ஒரு நிமிஷம் பேசணும். 2018 ஜனவரி 1-ஆம் தேதி நிகழ்ச்சியை ஒட்டிய வழக்கு. ஆனந்த் டெல்டும்டேவை 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில், சரணடைய வைத்தார்கள். நம்ம திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி அடிகள் 2021 ஜூலை 5-இல் காவலில் இருக்கும்போதே இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் கணினிகளை அவர்கள் தரப்புக்காக ஆராய்ந்த ஆர்சனல் என்ற அமெரிக்க நிறுவனம், அவற்றுக்குள் வெளியிலிருந்து ஒருவர் புகுந்து கோப்புகளை வைத்திருக்கிறார், பலருடைய கணினியிலும் புகுந்தது ஒரே ஆள்தான் என்று அறிக்கை கொடுத்தது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. நமக்குப் பாடம் என்ன? உன் கணினியிலிருந்து, உன் முகவரியிலிருந்து என்று தாளில் இருந்தாலும், செய்தது உன் கைதான் என்று அதனாலேயே ஆகிவிடாது. வைஃபை கடவுச்சொல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பீங்க. விடுதியில் இருநூறு பேருக்கு ஒரே இணைப்பு இருக்கும்.

வி.பி.என். போட்டால் தப்பிக்கலாமா என்று ஒரு தங்கச்சி சீட்டு அனுப்பியிருக்காங்க. வி.பி.என். உங்க முகவரியை மறைத்துத் தன் முகவரியைக் காட்டும். ஆனா உங்க முகவரி இப்போ அந்தக் கம்பெனியின் லெட்ஜரில் இருக்கும். இடம் மாறியது, லெட்ஜர் போகவில்லை. அதுவும் நீங்க உள்ளே போய் உங்க சொந்தப் பேரில், சொந்த நம்பரில் ஒரு கணக்கைத் திறந்தால், எந்த முகமூடியும் வீண். ஐ.பி.யை விட நீங்களே எழுதிக் கொடுக்கிற செல்போன் நம்பர்தான் உங்களை முழுசாகச் சொல்கிறது. ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகலை விட்டுட்டு வர்றீங்களே, அதுக்கு முன்னால ஐ.பி. ஒண்ணுமே இல்லை.

மறைப்பது கோழைத்தனம் என்றும் ஒரு தோழர் நேற்றுச் சொன்னார். எனக்கு உடன்பாடு இல்லை. 1917-இல் பரோடா மகாராஜாவிடம் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பேரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அறை வாசலில் நின்றது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்த மனுஷனுக்கு, பதிவேட்டில் ஒரு பேர் பத்து நாள்தான் கூரை கொடுத்தது. அவரைக் கோழை என்பீர்களா? 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்த வாசலில் நின்றிருந்தால் அதன் அர்த்தம் நமக்கு இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கும்.

நேரம் ஆச்சு, போளூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நோட்டில் இதை மட்டும் எழுதிக்கோங்க. யாராவது 'உன் ஐ.பி.யிலிருந்து நடந்திருக்கு' என்று தாளோடு வந்தால், பதறி எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. தாளின் நகலைக் கேளுங்க. முழு எண், தேதி, மணி, நிமிஷம், விநாடி. இந்திய நேரமா, உலக நேரமா. பங்கு போட்ட முகவரியாக இருந்தால் போர்ட் எண் என்று இன்னொரு எண்ணும் வேண்டும். அது இல்லாமல் கூட்டத்தில் ஓர் ஆளைக் காட்ட முடியாது. கம்பெனி எந்தப் பதிவேட்டிலிருந்து பேரைக் கொடுத்தது என்பதை வழக்கறிஞர் மூலமாகக் கேளுங்க. அன்றைக்கு நீங்க எங்கே இருந்தீங்க என்பதற்கு ரேஷன் ரசீது, பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு, நூறுநாள் வேலை வருகைப் பதிவேடு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்க. அந்த அம்மா ரசீதைத் தூக்கிப் போடாமல் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருந்தார். ஏன் வைத்தீங்கன்னு கேட்டேன். "அரிசி ரெண்டு கிலோ கொறச்சிப் போட்டான் சார், கேக்கலாம்னு வச்சேன்" என்றார்.